எட்டாம் பக்கம்

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகரான ஐயர் அறிவிப்பு வாசித்தார். செப்டம்பர் 21ஆம் தேதி எங்கள் கோயில் பிரதிஷ்டையாகி நூறு வருடம் நிறைகிறது. அதற்குள் சபையார் எல்லாரும் சேர்ந்து வேதாகமம் முழுவதையும் கையால் எழுதி முடிக்க வேண்டும். மொத்தம் 214 குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒரு பங்கு. எந்தப் பங்கு என்பதைச் சீட்டு எடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு வந்தது பழைய ஏற்பாட்டில் வம்ச வரலாறு வரும் ஒன்பது அதிகாரங்கள். ஆதாமில் தொடங்கி முழுக்கப் பெயர்கள். எழுதியதைச் சரிபார்க்கும் பொறுப்பு ரூபாவதி டீச்சருக்கு. அவர் என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஹெப்சிக்கு அடிச்சிருக்குட்டி யோகம். கதையும் கிடையாது, பாட்டும் கிடையாது. ரேசன் கடை லிஸ்டு மாதிரி எழுதிக்கிட்டே போகவேண்டியதுதான்" என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விதிகள்: கறுப்பு மை. தாளின் ஒரு பக்கம் மட்டும். அடித்தல், அழித்தல், வெள்ளை பூசுதல் கூடாது. பிழை வந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். ஆகஸ்ட் 31 கடைசி நாள். கூடவே ஒரு பாரம் கொடுத்தார்கள். அதில் குடும்பத்தார் பெயர்களை நிரப்பித் தர வேண்டும். அந்தப் பெயர்களை வேதத்தின் கடைசியில் எழுதிச் சேர்த்து, பண்டிகையன்று கோயிலில் வாசிப்பார்களாம்.

இந்த டைரி என் வீட்டுக்காரர் மேஜையில் இருந்தது. ஜனவரி ஒன்றிலிருந்து தினமும் காலையில் பார்த்த இரத்த அழுத்தத்தை மட்டும் குறித்திருக்கிறார். மார்ச் 10: 150/90. மார்ச் 11 காலி. மிச்சப் பக்கங்களை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

பேனா மூன்று, தாள் ஒரு கட்டு. கேஸ் சிலிண்டர் வந்தது. தூக்கி வைக்க ஆளில்லாமல் வாசலிலேயே கிடக்கிறது.

ஜூலை 9, புதன்

முதல் அதிகாரம் தொடங்கினேன். சாப்பாட்டு மேஜையில் அவர் உட்காரும் பக்கத்தில்தான் வெளிச்சம் நன்றாக விழுகிறது. ஆனாலும் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுதினேன். அவருடைய வேதத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எழுத்துப் பெரியது.

பெயர்களை எழுதுவது எனக்குச் சிரமமாக இல்லை. உப்புக் கம்பெனி எடைமேடையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். லாரி நம்பர், நேரம், காலி எடை, சுமை எடை. ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து வண்டி வரை எழுதியதுண்டு. வேலையில் சேர்ந்த அன்று மானேஜர் சொன்னது ஒன்றுதான்: மேடையில் ஏறிய வண்டி சுமை ஏற்றாமல் திரும்பிப் போனாலும் அதற்கு ஒரு வரி உண்டு. ஏறியதை எழுதாமல் விடக்கூடாது.

இன்று ஒன்றரைப் பக்கம். எழுதும்போது பெயரை வாய்விட்டுச் சொல்கிறேன். வீட்டில் சத்தம் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலிலிருந்து நேராக வயலெட் வந்தாள். அவருடைய தங்கை. கருவாட்டுக் குழம்பும் ஒரு தூக்குச் சோறும் கொண்டுவந்தாள். சிலிண்டரையும் அவள்தான் உருட்டி உள்ளே வைத்தாள்.

"மதினி, எத்தன நாளைக்கு இந்த ஒத்த வீட்டுல கெடப்பீக? எங்க வீட்டு மாடி சும்மாதான கெடக்கு."

"பாப்போம் வயலெட்."

"நாலு மாசமா இதத்தான் சொல்லுதீக. பிள்ள குட்டி இருந்தாலாவது நான் பேசாம இருப்பேன்."

குழம்பில் உப்பு கொஞ்சம் கூடுதல் என்றேன். அவள் கோபித்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். நல்லவள். அடக்க ஆராதனைக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதியதும் இவள்தான். பிறந்த ஊர், படிப்பு, துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பராக முப்பத்துமூன்று வருடம், கோயிலில் காணிக்கைப் பை பிடித்தது, எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில், "இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை." எழுதிவிட்டு என்னிடம் வாசித்துக் காட்டினாள். சரியா மதினி என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

ஐயர் அதை மைக்கில் வாசித்தார். அதைப்பற்றி எழுத வேறு ஒன்றுமில்லை.

ஜூலை 16, புதன்

இரண்டாம் அதிகாரம். கை வலி. மீன் வாங்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

இரண்டாம் அதிகாரத்தில் முப்பதாம் வசனத்தில் நிறுத்தியிருக்கிறேன். சேலேத் என்று ஒருவர். அவரைப்பற்றி ஒரே ஒரு செய்தி: பிள்ளைகளில்லாமல் இறந்தார். வேறு எதுவும் இல்லை. என்ன வேலை பார்த்தார், எத்தனை வயது, மனைவி யார், ஒன்றும் இல்லை.

பேனாவை மூடி வைத்தேன். மாலையில் கொடியில் கிடந்த துணியை எடுத்தேன். இரண்டு புடவை, ஒரு துண்டு. நாளை எழுதலாம்.

ஜூலை 18, வெள்ளி

எட்டாம் பக்கம் முடிந்தது. விட்ட வரியிலிருந்து தொடங்கி ஒரே மூச்சில் எழுதினேன். மத்தியானம் படுத்தவள் ஐந்தேகால் வரை தூங்கியிருக்கிறேன். மார்ச்சுக்குப் பிறகு இப்படித் தூங்கியதில்லை. காரணம் தெரியவில்லை.

ஜூலை 26, சனி

மூன்று அதிகாரம் முடிந்தது. பதினைந்து பக்கம். அரிசி இப்போது அரைக் கப் போடுகிறேன். அதிலும் மிஞ்சுகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

திருவிருந்து. போனேன், அப்பமும் ரசமும் எடுத்தேன், வந்தேன்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். மார்ச் 11க்குப் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. காலையில் முழங்கால் போடுகிறேன். பரமண்டல ஜெபத்தைச் சொல்கிறேன். ஆமென் என்றதும் எழுந்துவிடுகிறேன். முன்பெல்லாம் அதற்குப் பிறகுதான் எங்கள் ஜெபமே தொடங்கும். அவர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்வார். வயலெட் வீடு, பக்கத்து வீடு, ஆபீஸில் சுகமில்லாதவர்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்துவார். எச்சில் விழுங்குவது கேட்கும். பிறகு ஆமென் என்பார். அந்த இடத்தில் என்ன சொல்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை.

ஐயரிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது. முப்பத்துநான்கு வயதுப் பிள்ளை, பயந்துவிடும்.

ஆனால் பெயர்களை எழுதும்போது ஜெபம் செய்த மாதிரி இருக்கிறது. யாரோ, எங்கேயோ இருந்தவர்கள். ராஜாவுமில்லை, தீர்க்கதரிசியுமில்லை. இவர்களில் ஒருவரையும் விடாமல் எழுதிவைக்க ஆண்டவருக்குப் பொறுமை இருந்திருக்கிறது. எடைமேடையில் நான்கூட மாலை ஐந்து மணிக்குமேல் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாலாம் அதிகாரத்தில் ஒரு தாய், வேதனையோடு பெற்றேன் என்று சொல்லி மகனுக்கு அதே அர்த்தத்தில் பெயர் வைக்கிறாள். ஏழாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன். பிள்ளைகள் கொல்லப்பட்டுவிடுகிறார்கள். அவன் வெகுநாள் துக்கப்படுகிறான். சகோதரர்கள் ஆறுதல் சொல்ல வருகிறார்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதவில்லை. வந்தார்கள் என்பது மட்டும் இருக்கிறது. அதுவே போதும் என்று தோன்றியது.

1994 நவம்பரில் எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. எட்டாம் அதிகாரம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மொத்தம் நாற்பத்தாறு பக்கம். டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். குடும்பத்தார் பாரமும் கொடுத்தேன். இரண்டு பெயர். ஏசுவடியான், ஹெப்சிபா. பாரத்தில் எட்டு வரி விட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மேஜை காலியாக இருந்தது. துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பிற்பகல் மூன்றரைக்கு ரூபாவதி டீச்சர் வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, மேஜையில் ஒரு தாளை வைத்தார். எட்டாம் பக்கம்.

"நாப்பத்தாறு பக்கம் எழுதிருக்க. ஒரு கமா பிசகல. எங்க ஸ்கூல்ல ஒரு பிள்ளகூட இப்படி எழுதுனதில்ல. இந்த ஒரு எடத்துல மட்டும் கோட்ட விட்டுட்டியேட்டி."

"எங்க டீச்சர்?"

"இந்தா, வாசி."

விரல் வைத்த இடத்தை வாசித்தேன். சேலேத்தின் குமாரன் இன்பசீலன் என்று இருந்தது. என் கையெழுத்துதான். மை ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

டீச்சர் சிரித்தார். "மூவாயிரம் வருசமா பிள்ளயில்லாத மனுசனுக்கு ஒரே வரில பிள்ளயக் குடுத்துட்ட. அதுவும் நம்ம ஊருப் பேரா குடுத்திருக்க. ஒம்பது அதிகாரத்தையும் திருப்பித் தேடிட்டேன், இன்பசீலன்னு ஒரு ஆளக் காணும்."

"கை தவறிட்டு டீச்சர். வேற எழுதித் தந்துருதேன்."

"அது எழுதுவ, எனக்குத் தெரியாதா. இன்பசீலன் யாருட்டி?"

அந்தப் பெயரை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு முப்பது வருடம் ஒன்பது மாதம் ஆகிறது. எழுந்து காப்பி போடப் போனேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினேன். கையில்தான் இருந்தது. டீச்சர் அடுக்களை வாசலில் வந்து நின்றுகொண்டார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

டீச்சரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

இன்பசீலன். பிறந்தது 1994 நவம்பர் 8, செவ்வாய். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். எடை ஒரு கிலோ தொள்ளாயிரம். ஐந்தாம் நாள் நாங்கள் இரண்டு பேரும் ஜெபித்துப் பெயர் வைத்தோம். ஞானஸ்நானத்தில் வைத்துத்தான் வெளியே சொல்ல வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாள், பதின்மூன்றாம் தேதி ஞாயிறு, அப்போதிருந்த ஐயர் ஆஸ்பத்திரிக்கே வந்து ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்றார். பிள்ளை தேறிவருகிறது என்று நர்சு சொல்லியிருந்தாள். அடுத்த ஞாயிறு கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். நான் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையில் ஒரு கை பாக்கி இருந்தது.

பதினேழாம் தேதி வியாழன் காலை ஏழு இருபதுக்கு இறந்தான்.

ஞானஸ்நானம் இல்லாததால் கோயில் ரிஜிஸ்தரில் பெயர் ஏறவில்லை. மணி அடிக்கவில்லை. அப்போது வழக்கம் அப்படி. ஐயருக்குப் பதில் உபதேசியார் வந்து ஒரு சின்ன ஜெபம் செய்தாராம். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். என் வீட்டுக்காரர்தான் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். எங்கே என்று கேட்டதற்கு, கிழக்குச் சுவர் பக்கம் என்றார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. யார் முதலில் நிறுத்தினோம் என்று தெரியாது. இப்போது அவரும் இல்லை. அந்தப் பெயர் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

பால் பொங்கிவிட்டது. டீச்சர் கைநீட்டி அடுப்பை அணைத்தார்.

"இனிமே ரெண்டு பேரு" என்றார்.

காப்பி குடித்தோம். போகும்போது பையிலிருந்து என் குடும்பத்தார் பாரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "இது முடியல. முழுசா எழுதிட்டுக் குடு."

"கமிட்டில கேப்பாங்க டீச்சர். ஞானஸ்நானம் எடுக்காத பேரு."

"கேக்கட்டும். நாளான்னைக்கு ஐயரப் பாப்போம், வா."

ஆகஸ்ட் 29, வெள்ளி

எட்டாம் பக்கத்தைப் புதிதாக எழுதினேன். சேலேத் பிள்ளைகளில்லாமல் இறந்தார் என்பதை உள்ளது உள்ளபடி எழுதினேன். அது அவருடைய செய்தி. அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை.

பாரம் அப்படியே கிடக்கிறது. எழுதி, ஐயர் கூடாது என்றால் அடிக்க வேண்டும். அந்தப் பெயரை என் கையால் அடிக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

காலை பத்து மணிக்குக் கோயில் ஆபீஸ். டீச்சரும் வந்தார். நான் சொல்லத் தொடங்கி நடுவில் நிறுத்தினேன். மீதியை டீச்சர் சொன்னார். தேதி ஒன்றைத் தப்பாகச் சொன்னார். திருத்தினேன்.

ஐயர் முழுவதையும் கேட்டார். இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டார். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"ஞானஸ்நான ரிஜிஸ்தர்ல நான் இன்னைக்கு எழுதுனா அது பொய்யாயிரும்மா. நடக்காதத நடந்ததா எழுத முடியாது."

"நான் அதக் கேக்கல ஐயா."

டீச்சர் பொறுக்காமல், "அப்ப என்ன ஐயரே, அந்தப் பிள்ள பொறக்கவே இல்லயா?" என்றார்.

"இருங்க டீச்சர், முடிக்கல." பாரத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன கேட்டிருக்கு?"

"குடும்பத்தார் பெயர்" என்றேன்.

"உங்க குடும்பத்துல எத்தன பேரும்மா?"

மூன்று விரலைக் காட்டினேன். எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி.

"அப்ப ரெண்டுன்னு எழுதுனா அதுவும் பொய்தான" என்றார். தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார். நீல மை. என் பையிலிருந்த கறுப்புப் பேனாவால் எழுதினேன்.

அதன்பின் ஐயர் ஜெபித்தார். சின்ன ஜெபம். நடுவில் அந்தப் பெயரைச் சொன்னார்.

பழைய எட்டாம் பக்கத்தைக் குப்பையில் போடவா என்று டீச்சரிடம் கேட்டேன். "போட்டுப் பாரு" என்றார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கல்லறைத் தோட்டம் போனேன். முதலில் அவருடைய இடம். பிறகு கிழக்குச் சுவர். சுவரின் நீளம் என் நடையில் அறுபத்திரண்டு எட்டு. எந்த இடம் என்று தெரியாது. முழுவதும் நடந்தேன். ஒரு இடத்தில் எருக்கஞ்செடி. மற்றபடி வெறும் மணல்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது.

செப்டம்பர் 20, சனி

வயலெட்டுக்குப் போன் செய்து, நாளைக்கு என் பக்கத்தில் உட்கார் என்றேன். "என்ன மதினி, புதுசா?" என்றாள். வா என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கோயில் நிறைந்து வெளியே பந்தலிலும் ஆட்கள். வேதாகமத்தை நான்கு பாகமாகக் கட்டியிருந்தார்கள். நான்கு பேர் தலைக்குமேல் தூக்கிப் பவனியாகக் கொண்டுவந்து பீடத்தில் வைத்தார்கள். முதல் பாகத்தில் என் நாற்பத்தாறு பக்கம்.

பெயர் வாசிப்பு ஐம்பது நிமிடம். ஐயரும் ரூபாவதி டீச்சரும் மாற்றி மாற்றி வாசித்தார்கள். பிள்ளைகள் அழுதன. பின்வரிசையில் பேச்சு. விசிறிகள் ஆடின. எங்கள் எண் 131. ஐயர் முறை வந்தபோது டீச்சர் தாளை வாங்கிக்கொண்டார்.

"நூற்று முப்பத்தொன்று. ஏசுவடியான், ஹெப்சிபா, இன்பசீலன்."

நான்கு நொடி ஆகியிருக்கும். நிறுத்தவில்லை, குரலை உயர்த்தவில்லை. அடுத்து நூற்று முப்பத்திரண்டுக்குப் போய்விட்டார். எல்லாப் பெயரையும் போலவே வாசித்தார். அப்படி வாசித்ததற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வயலெட் என் பக்கம் திரும்பினாள். "மதினி." கொஞ்சநேரம் கழித்து, "பிள்ள பொறந்து தவறிட்டுன்னு தெரியும். பேரு வச்சீகன்னு தெரியாதே மதினி. நான் அப்படி எழுதுனேனே. மைக்குல வேற வாசிச்சாங்களே" என்றாள்.

"நான்தான தலையாட்டினேன்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அவள் முதுகில் கை வைத்திருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் நூறு வருடத்துக்கு நூறு தடவை மணி அடித்தார்கள். சபையார் எல்லாருக்குமாக அடித்த மணி. எண்ணிக்கொண்டே வந்தேன். அதில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

அரைக் கப் அரிசி. தண்ணீர் ஆறு மணிக்கு வந்தது. வீட்டில் சத்தமில்லை.

காலையில் முழங்கால் போட்டேன். பரமண்டல ஜெபம் முடிந்தது. எழுந்திருக்கவில்லை.